அடாஸ் காரில் 58,000 கிலோமீட்டர்

அடாஸ், அதாவது ஓட்டுகிறவருக்கு உதவும் தானியங்கி வசதிகள் உள்ள இந்தக் காரை 2022 ஆகஸ்டில் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இப்போது பல மாடல்களில் வருகிற அதே ரேடாரும் கேமராவும்தான் இதிலும். திருச்சியில் மாமனார் வீடு என்பதால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது சென்னையிலிருந்து போய்வருவேன். ஒரு வழிக்கு சுமார் 330 கிலோமீட்டர். ஓடோமீட்டர் 58,000-ஐத் தாண்டிவிட்டது.

ஷோரூமில் விற்றவர் "சார், வண்டி தானா ஓடும்" என்றார். ஓடாது. தானோட்டும் தொழில்நுட்பத்தை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், என்னுடையது 2. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் (க்ரூஸ் கண்ட்ரோல்), சாலைக் கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கை லேசாக இழுக்கும் (லேன் உதவி), இடிக்கப் போகிறோம் என்று பட்டால் பிரேக் அடிக்கும். அவ்வளவுதான். இடித்தால் கேஸ் என் பேரில்தான். ஓட்டுநரே இல்லாத வேமோ டாக்ஸி 2020 முதல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் அது முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடம் எடுத்து வைத்திருக்கும் பகுதிக்குள் மட்டும் ஓடுகிற வண்டி. கூடுவாஞ்சேரி சிக்னலை அது பார்த்ததில்லை.

ஊருக்குள் இந்த வசதி வீண். க்ரூஸ் கண்ட்ரோல் முன் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இடைவெளி விடுமல்லவா, அதைக் குறைந்தபட்சத்தில் வைத்தாலும் ஒரு ஷேர் ஆட்டோ நுழைகிற அளவு இருக்கும். ஆட்டோ நுழையும். கார் பிரேக் பிடித்து மறுபடி இடம் விடும். அதில் இரண்டு பைக் நுழையும். முதல் மாதம் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வருவதற்குள் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கினேன். இப்போது பரனூர் டோலைத் தாண்டித்தான் ஆன் செய்கிறேன்.

அதற்கப்புறம் அருமையான வண்டி, அதை மறைக்கக் கூடாது. முன்பெல்லாம் திருச்சி போய் இறங்கினால் வலது கால் முட்டி கடுக்கும், இப்போது இல்லை. ஒருமுறை விக்கிரவாண்டி டோலுக்கு முன்னால் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று ஒரு நொடி போனைப் பார்த்தேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. நான் நிமிர்வதற்குள் கார் பிரேக் அடித்துவிட்டது. பின் சீட்டில் இருந்த எலுமிச்சை சாதம் முழுக்கக் கீழே. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதே விக்கிரவாண்டிப் பக்கத்தில்தான் எதிர்ப்பாடமும் கிடைத்தது. கரும்பு சீசன், இரவு ஒன்பது மணி இருக்கும். ஆலைக்குப் போகிற டிராக்டர் ஒன்று, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கூட இல்லாமல், பாதி சாலையை அடைத்து நின்றது. காரின் வேகம் 90. அது குறைக்கவே இல்லை. நான்தான் மிதித்தேன். மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனால் எந்தக் கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கோளாறு இல்லைதான். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கிற பொருள்கள் ஏராளம்: பெயர்ப்பலகை, பாலம், மீடியன் கம்பி. ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் நம் மேல் ஏறிவிடுவான். அதனால் வேகமாகப் போகும்போது, நிற்கிற பொருளிலிருந்து வரும் ரேடார் எதிரொலியைப் பல கார்களில் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். கேமராவும் 'ஆமாம், வண்டிதான்' என்றால்தான் பிரேக். இருட்டில், கரும்புத் தோகை தொங்குகிற அந்த உருவத்தை எந்தக் கேமரா வண்டி என்று சொல்லும்?

2018 மார்ச் 18 அன்று அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் தானோட்டும் சோதனைக் கார் ஒரு பெண் மீது மோதி அவர் இறந்தாரே, அந்த விசாரணை அறிக்கையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கருவிக்கு அவர் தெரிந்துவிட்டார். ஆனால் அது அவரை வண்டி என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. கிராசிங் இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்று அதற்குச் சொல்லித்தரவே இல்லை. நம் ஊரில் கிராசிங்கில் யார் கடக்கிறார்கள்? அந்தக் காரில் கண்காணிக்க ஆள் ஒருவரும் இருந்தார். கடைசி நேரம்வரை அவர் கண் போனில் இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வருடம் காரை நம்பாமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். இரண்டாம் வருடம் நம்பிவிட்டேன், அப்போதுதான் ஆபத்து. உளுந்தூர்பேட்டை எப்போது போனது என்றே தெரியாமல் பெரம்பலூர் வந்து நின்றிருக்கிறேன். கை ஸ்டீயரிங்கில் இருந்தது, அதனால் காரும் எச்சரிக்கவில்லை. கவனம்தான் எங்கோ.

இப்போது அது எதைக் கோட்டைவிடும் என்று மனப்பாடம். பெரம்பலூர்ப் பக்கம் ஓரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். கல் தெரியாது. பாதயாத்திரைக் கூட்டம் இருட்டில் ஒரு சமயம் தெரியும், ஒரு சமயம் தெரியாது, அந்த நாட்களில் க்ரூஸைத் தொடுவதில்லை. மழை வலுத்தால் தானே அணைந்துவிடும், சொல்லிவிட்டு அணைவதால் பரவாயில்லை. சொல்லாமல் தப்பு செய்தது ஒருமுறை. லாரி தெறித்த கல்லில் முன் கண்ணாடி விரிசல் விட்டு, மாற்றினோம். கேமராவை மறுபடி அளவு சரிசெய்ய (கேலிப்ரேஷன்) வேண்டும் என்பதை மாற்றிய கடையில் யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம், தேவையில்லாத பக்கமெல்லாம் கார் ஸ்டீயரிங்கை இழுத்தது.

தம்பி முறை ஒருவன் கேட்டான், அடாஸுக்காக டாப் மாடல் எடுக்கலாமா என்று. அவசர பிரேக்குக்கும் பக்கவாட்டு எச்சரிக்கைக்கும் எடு, லேன் உதவியை முதல் நாளே அணைத்து வை என்றேன். கண்ணாடி மாற்றினால் கேலிப்ரேஷன் ரசீதைக் கையோடு வாங்கச் சொன்னேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். முதல் ஆயுத பூஜைக்கு மாமனார் முன் லோகோவில் சந்தனம் குழைத்துப் பூசி, மேலே பெரிய சாமந்தி மாலையும் போட்டார். ரேடார் இருப்பதே அந்த லோகோவுக்குப் பின்னால்தான். 'சென்சார் மறைக்கப்பட்டுள்ளது' என்று கார் சமயபுரம் டோல் வரை கத்திக்கொண்டே வந்தது. அடுத்த வருடத்திலிருந்து மாலை பின்பக்கம்தான். "பின்னாடி மாலை போட்ட வண்டிய நான் பார்த்ததே இல்ல மாப்பிள்ளை" என்கிறார், ஒவ்வொரு வருடமும்.