கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு குடும்ப உளவளத்துணை நிலையம்

"கலியாணம் கட்டி வைத்தால் திருந்திவிடுவான்" என்று பெரியவர்கள் நம்பிச் செய்துவைத்த என் அக்காவின் திருமணம், அவர் கணவரான அத்தானின் குடியால் முறியும் நிலைக்கு வந்தபோது, காலி வீதியை அண்டியிருக்கும் ஒரு தனியார் நிலையத்துக்கு அவர்கள் இருவருடனும் நானும் போய்வந்தேன்.

உளவளத்துணையாளர் முதலில் அக்காவைத் தனியே அழைத்து, வீட்டில் அடி உதை உண்டா, அன்றிரவு திரும்பிப் போக அச்சமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆபத்து இருப்பின், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்றும், அதற்காக விவாகரத்து வழக்குத் தொடரத் தேவையில்லை என்றும் விளக்கினார். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்ற பேச்சை அதற்கு முன் எடுக்காததற்காகவே அவரை மதிக்கிறேன்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அத்தானை அவர் மருத்துவரிடம் அனுப்பினார். மனைவி மீது அத்தான் கொண்டிருந்த ஆதாரமற்ற சந்தேகம் நீண்டகாலக் குடியோடு வரக்கூடிய ஒரு மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று சொல்லி, மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வினால் குடிக்கிறாரா, குடியினால் மனச்சோர்வு வந்ததா என்பது சில வாரங்கள் குடிக்காமல் இருந்த பின்பே தெளிவாகும் என்றார். அக்காவின் தூக்கமின்மையையும் அதே அக்கறையோடு விசாரித்தார். நம் வீடுகளில் அதை யார் கேட்கிறார்கள்?

மருத்துவச் சான்றிதழைக் காட்டினாலே விவாகரத்துக் கிடைத்துவிடும் என்று எங்கள் உறவினர்கள் நம்பியிருந்தார்கள். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் குடியோ மனநோயோ தனிக் காரணமாக இல்லை. திருமணத்தை மீறிய உறவு, தீய நோக்குடன் கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை ஆகியவையே அதில் உள்ளன. ஆனாலும் குடியினால் விளைந்த கொடுமை தாங்காமல் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால், அந்த நடத்தையையே கைவிடுதலாக நீதிமன்றம் கொள்ள இடமுண்டு. உளவளத்துணையாளர் இதைச் சொல்லி, வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும்படியும் பணித்தார்.

குறைகளும் உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த வெள்ளவத்தையில், காத்திருக்கும் கூடத்தில் பெயரை உரக்கக் கூப்பிடுவது பெருந்தவறு. படிவங்கள் தமிழில் இல்லை, கட்டணமும் அதிகம். பணம் செலுத்த இயலாதவர்கள் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். வழக்குக்குக் கொழும்பு புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் இங்கே தயங்காமல் போகலாம், முன்பதிவின்போதே தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.