காவல்துறை கழித்த ஃபோர்டு எக்ஸ்புளோரர்: பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு

கவுண்டி (அமெரிக்காவில் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) கராஜின் பின்பக்கத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நின்றன. இரண்டும் 2016 மாடல் ஃபோர்டு போலீஸ் இன்டர்செப்டர் யூடிலிட்டி, அதாவது காவல்துறைக்கென்றே செய்த எக்ஸ்புளோரர். ஒன்று 92,000 மைல் ஓடியது, இன்னொன்று 118,000 மைல். நான் அதிகம் ஓடியதைத்தான் ஏலத்தில் எடுத்தேன். நண்பர்கள் பலரும் ஏன் என்று கேட்டுவிட்டார்கள். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே வைக்கிறேன். அமெரிக்காவில் பழைய போலீஸ் கார் வாங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். இங்கே கவுண்டிகளும் நகரங்களும் கழித்துவிடும் வண்டிகளை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். ஏலத்துக்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கலாம், ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் வெளியே எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்க முடியாது. இருப்பது இருக்கிறபடியே விற்பனை, எந்த உத்தரவாதமும் கிடையாது. வண்டியைப் பார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன பார்க்கிறோம், யாரிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் போவதற்கு முன் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு டெபுடியிடம் கேட்டேன். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில் காவல் அதிகாரி வேலை. அவருடைய ரோந்துக் கார் தினமும் இரவு அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். என் மகளுக்கு அது தெருவின் அடையாளம், "போலீஸ் கார் வீட்டுக்கு அடுத்த வீடு" என்றுதான் தோழிகளுக்கு வழி சொல்வாள். அவர் சொன்னது ஒரே விஷயம்: "மைலைப் பார்க்காதீர்கள். டேக்-ஹோம் காரா, பூல் காரா என்று கேளுங்கள்."

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் காவல் அதிகாரி ரோந்துக் காரை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு துறையும் தானே முடிவு செய்கிறது. எடுத்துப்போகலாம் என்ற இடத்தில் ஒரு கார் ஒரு அதிகாரிக்கு. வேலை முடிந்ததும் அது அவரோடு வீட்டுக்குப் போகும், மறுநாள் அவரோடே வரும். அதுதான் டேக்-ஹோம். கூடாது என்ற இடத்தில் கார் ஸ்டேஷனில் இருக்கும். ஒரு ஷிஃப்ட் இறங்கியதும் அடுத்த ஷிஃப்ட் ஏறும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அது பூல் கார். இந்த டேக்-ஹோம் ஏற்பாடு புதிதும் அல்ல. இண்டியானாபொலிஸ் நகரம் 1969லேயே ரோந்துக் கார்களை அதிகாரிகளிடமே கொடுத்து, வேலை இல்லாத நேரத்திலும் ஓட்டலாம் என்று விட்டது. தெருக்களில் போலீஸ் கார் அதிகம் தென்பட்டால் குற்றம் குறையும் என்பது அப்போது அவர்கள் கணக்கு.

வண்டி வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு கணக்கு. இந்த வண்டிகளின் டேஷ்போர்டில் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடியது என்று இரண்டு எண்கள் பார்க்கலாம். ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அழுத்தி மெனுவுக்குள் போனால் வரும். போலீஸ் கார் பெரும்பாலும் எஞ்சினை அணைக்காமல்தான் நிற்கும். ரேடியோ, கணினி, கேமரா, விளக்கு, ஏசி எல்லாம் ஓட வேண்டுமே. ஒரு மணி நேரம் நின்றபடி எஞ்சின் ஓடினால் சுமார் 33 மைல் ஓட்டிய தேய்மானம் என்று ஃபோர்டு நிறுவனமே சொல்கிறது.

92,000 மைல் வண்டியில் அந்த எண்களைப் பார்த்தேன். மொத்தம் 15,900 மணி, அதில் 11,300 மணி நின்றபடி. 33 ஆல் பெருக்கினால் 3,72,900 மைல். ஓடோமீட்டர் காட்டும் 92,000 அதற்கு மேல். பக்கத்து வண்டியில் மொத்தம் 7,200 மணி, நின்றபடி 3,400. அது 1,12,200 மைலுக்குச் சமம். ஓடியதையும் சேர்த்தால் முதல் வண்டிக்கு நான்கரை லட்சத்துக்கு மேல், இரண்டாவதற்கு இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடோமீட்டரை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இரண்டு மடங்கு தேய்ந்த எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன்.

எண்களை விடுங்கள், கதவைத் திறந்தாலே தெரிந்தது. 92,000 மைல் வண்டிதான் பூல் கார், மற்றது டேக்-ஹோம். பூல் காரின் ஓட்டுநர் இருக்கை குழி விழுந்து போயிருந்தது. முன்னே பின்னே நகர்த்தும் சுவிட்ச் உடைந்து தொங்கியது. ஒரு நாளைக்கு மூன்று பேர், மூன்று உயரம், மூன்று முறை நகர்த்தல், எத்தனை வருடம் தாங்கும்? கதவுப் பையில் காப்பி கொட்டிக் காய்ந்து பசையாகியிருந்தது. மற்ற வண்டியில் தேய்மானம் இல்லாமல் இல்லை, ஆனால் அது ஒரே ஆளுடைய தேய்மானம். துப்பாக்கி பெல்ட் உரசிய இடம் இருக்கையின் வலது ஓரத்தில் ஒரே இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வழுவழுப்பாக இருந்தது. தரையில் கம்பளம் கிடையாது, ரப்பர்தான். அதில் வலது குதிகால் ஊன்றும் இடத்தில் ஒரே ஒரு குழி. கையுறைப் பெட்டியில் டயர் காற்று பார்க்கும் கருவி ஒன்றும், நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தன. ஆயில் மாற்றிய தேதியும் மைலும் கையெழுத்தில், ஒரே கையெழுத்தில், வரிசையாக.

கராஜ் மேலாளரிடம் பராமரிப்புப் பதிவைக் கேட்டேன், தயங்காமல் அச்சடித்துக் கொடுத்தார். அதில் ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: முன் இடது சக்கரத்தில் 40 மைல் வேகத்துக்கு மேல் லேசான ரீங்காரம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார், அதே வாரம் பேரிங் மாற்றியிருக்கிறார்கள். தன் வண்டியை தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் அந்த ரீங்காரம் புதுசு என்று தெரியும். பூல் காரில் ஏறுகிறவர் இந்த வண்டியே இப்படித்தான் போல என்று நினைப்பார், அல்லது அடுத்த ஷிஃப்ட் சொல்லிக்கொள்ளும் என்று விடுவார். அது அவர்கள் குற்றமும் இல்லை.

சரி, வண்டி எப்படி? 3.7 லிட்டர் வி6 எஞ்சின், 304 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் நுழையும்போது மிதித்தால் தயங்காமல் எழும்புகிறது. கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடுவே இடம் காலி. அங்கேதான் கணினியும் ரேடியோவும் இருந்தன, இப்போது திருகு ஓட்டைகள் மட்டும். பிரேக் சாதாரண எக்ஸ்புளோரரை விடக் கனமானது, மலைப்பாதையில் இறங்கும்போது அது தெரிகிறது. பின்னாலிருந்து 75 மைல் வேகத்தில் மோதினாலும் தாங்குகிறதா என்று இந்த மாடலைச் சோதித்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. சவாரி கொஞ்சம் விறைப்பு. பெட்ரோல் நன்றாகவே குடிக்கும், ஊருக்குள் கேலனுக்கு 16 மைலைத் தாண்டியதில்லை.

வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப். இந்த எஞ்சினில் அது வெளியே இல்லை, உள்ளே டைமிங் செயினோடு ஓடுகிறது. அது கசிந்தால் கூலன்ட் எஞ்சின் ஆயிலில் கலக்கலாம். மாற்ற எஞ்சின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும், பெரிய செலவு. ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் அப்படியே திரும்பி நடந்துவிடுங்கள்.

அப்புறம் கார்பன் மோனாக்சைடு. 2017 ஜூலையில் டெக்சாசின் ஆஸ்டின் காவல்துறை தன்னிடம் இருந்த சுமார் 400 எக்ஸ்புளோரர்களை, வண்டிக்குள் இந்த வாயு நுழைகிறது என்ற கவலையில் ஓட்டாமல் நிறுத்திவைத்தது. விளக்கு, வயர் பொருத்தத் துளையிட்டுவிட்டுச் சரியாக அடைக்காததால் புகை உள்ளே வருகிறது என்று ஃபோர்டு சொன்னது. அதனால் நான் வாங்கிய முதல் பொருளே முப்பது டாலர் கொடுத்து ஒரு டிடெக்டர்தான். பின்கதவைச் சுற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகத் தேடி அடைத்தேன். பதினான்கு மாதத்தில் அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

துளை விஷயத்தில் இன்னொரு அடி விழுந்தது. ஆன்டெனாவைக் கழற்றியவர்கள் கூரைத் துளையில் ஒரு ரப்பர் மூடியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் பெருமழையில் மூடி நழுவி, உள்கூரைத் துணி முழுக்க நனைந்துவிட்டது. பின்னால் இருந்த குழந்தை இருக்கையும் ஊறிப்போனது. சரிசெய்ய 380 டாலர். அந்த நாற்றம் போக ஒரு மாதம் ஆனது. விளக்கையும் ஆன்டெனாவையும் யார் கழற்றினார்கள், துளையை எப்படி அடைத்தார்கள் என்று கராஜிலேயே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. கைதியை ஏற்றும் வண்டியாயிற்றே. முதல் நாள் மகள் பள்ளி வாசலில் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, திறக்கமாட்டேங்குது" என்றபோது அவள் குரலில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே கதவுப் பலகையைக் கழற்றி அதைச் சரிசெய்தேன். விபத்து நேர்ந்தால் குழந்தை தானே இறங்க முடிய வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாது. இருட்டில் அதிகாரி இறங்கும்போது வெளிச்சம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பழகிக்கொண்டோம்.

சாவிக்கும் ஒரு வேலை இருக்கிறது. துறைகள் கேட்டால் ஒரே சாவியில் பல வண்டிகள் திறக்கும்படி ஃபோர்டு செய்து கொடுக்கும். ஆக உங்கள் வண்டியின் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 260 டாலர் கொடுத்துப் பூட்டை மாற்றினேன். நீல விளக்கு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், எங்கள் மாநிலத்தில் தனியார் வண்டியில் அது சட்டவிரோதம்.

ஏலத்தொகை 7,400 டாலர், ஏல நிறுவனத்தின் கட்டணம் பத்து சதவீதம், மாநிலத்தின் மூன்று சதவீத வரி தனி. நான்கு டயரும் மாற்றினேன். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் அடங்கியது. ஆயில் மாற்றுவதைத் தவிர எஞ்சினைத் தொடவே இல்லை. பூல் காரை யாரோ 8,100க்கு எடுத்தார்கள், மைல் குறைவு என்பதால்.

இந்த வண்டி வந்த பிறகு, காரை வீட்டுக்கு விடலாமா என்ற கேள்வியில் என் எண்ணமும் உறுதியாகிவிட்டது. எங்கள் வரிப்பணத்தில் இவர்கள் சொகுசாக வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு டெபுடி அதை வைத்துக் கடைக்குக்கூடப் போவதில்லை, அவர் துறையில் அனுமதி இல்லை. சில துறைகளில் உண்டு, ஆனால் அப்போதும் ரேடியோ ஓட வேண்டும், துப்பாக்கி இருக்க வேண்டும், வழியில் ஏதாவது நடந்தால் இறங்கியாக வேண்டும். வருமான வரித் துறையும் இதைச் சொந்த வசதியாக எண்ணுவதில்லை. அடையாளம் பொறித்த போலீஸ் காரில் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவதற்கு அதிகாரியிடம் வரி கேட்பதில்லை, அவர் எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும், அவருடைய அதிகார எல்லைக்கு வெளியே மற்ற சொந்த உபயோகத்தைத் துறை தடை செய்திருக்க வேண்டும். நாற்பது மைல் தள்ளி வேறு கவுண்டியில் குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டுமா என்றால், அங்கே எல்லை வைப்பது நியாயம்தான். ஆனால் ஒரே கவுண்டி, ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு வண்டி. ஒன்றுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், ஒன்றுக்கு யாருமே இல்லை. இரண்டையும் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஏலப் பட்டியலில் பூல் காரா, டேக்-ஹோமா என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. கராஜுக்கு போன் போட்டு வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்த நான்காக மடித்த தாள் இன்னும் கையுறைப் பெட்டியில்தான் இருக்கிறது. கடைசி வரி 1,17,600 மைல். அதற்குக் கீழே என் கையெழுத்தில் இதுவரை மூன்று வரிகள் சேர்ந்திருக்கின்றன.