சிகாகோ வாட்டர் டவர் மர மாடல் கிட்: வாங்கலாம், ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம்

1871 அக்டோபரில் சிகாகோவில் பிடித்த தீயில் ஏறக்குறைய 300 பேர் செத்து, 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போன பிறகும் நின்ற கல் கோபுரம்தான் வாட்டர் டவர். அதை மேஜை மேல் ஒட்டி நிறுத்துகிற மர மாடல் கிட் இது. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம். கூரியர்காரர் கீழே பெட்போர்டு பகுதியோடு நின்றுகொண்டார், நானே இறங்கிப் போய் வாங்கி வந்தேன், அது குன்னூரில் வழக்கம்தான்.

துண்டுகளை லேசரில் வெட்டியிருக்கிறார்கள், அளவு கச்சிதம். ஆனால் வெட்டிய ஓரமெல்லாம் ஒரே கரி. தீயில் தப்பிய கட்டடத்துக்கு இது தேவையா! தொட்டால் விரலெல்லாம் கறுப்பு, அந்த விரலோடு அடுத்த துண்டை எடுத்தால் அதிலும் அப்பிக்கொள்கிறது. நிஜக் கோபுரம் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல், அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஒட்டவே ஆரம்பித்தோம். மூலைகளில் வரும் குட்டிக் கோபுரங்கள் உயிரை எடுக்கும். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1882இல் அங்கே போனபோது இவற்றைத்தான் மிளகுத்தூள் டப்பா என்று கிண்டல் செய்தார், ஒட்டிப் பார்த்தால் அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது.

பெட்டியில் வரும் பசை சுத்த மோசம். ஆடிச் சாரலில் ராத்திரி முழுக்க வைத்தும் காயவில்லை, அடித்தளப் பலகை ஈரம் குடித்து வளைந்துவிட்டது. அப்புறம் ஹீட்டர் பக்கத்தில் கனமான புத்தகங்களை ஏற்றி வைத்து நிமிர்த்தி, ஃபெவிகாலில் ஒட்டினோம்.

எனக்குப் பெரிய குறை வேறு. பாதி ஒட்டியதும் அக்கா மகள் எட்டிப் பார்த்து, "சித்தி, உள்ளே ஒண்ணுமே இல்லையே?" என்றாள். நிஜத்தில் உள்ளே சுமார் 138 அடி உயரக் குழாய் ஒன்று இருந்தது, பம்பு தள்ளுகிற தண்ணீரின் அழுத்தம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள. அந்தக் குழாயை மறைக்கத்தான் 1869இல் கட்டடக் கலைஞர் பாயிங்டன் இவ்வளவு அலங்காரமாகக் கோபுரமே கட்டினார். ஒரு குச்சியையாவது உள்ளே நட வைத்திருக்கலாம். எதிரே இருந்த பம்பிங் ஸ்டேஷனையும் காணோம். அதன் கூரை எரிந்து விழுந்து பம்புகள் நின்றதால்தான் ஊருக்கே தண்ணீர் நின்றுபோனது, அதைச் சொல்லாமல் இந்தக் கோபுரத்தின் கதையை எப்படிச் சொல்வது?

கூட வரும் தாளில் ஓலியரி அம்மாளின் மாடு விளக்கை உதைத்ததுதான் தீ பிடிக்கக் காரணம் என்று போட்டிருக்கிறார்கள். பாவம், 1997இல் சிகாகோ நகர மன்றமே அந்த அம்மாள் மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டது. தீ அவர்கள் தொழுவத்தில்தான் தொடங்கியது, ஆனால் வீடு தப்பித்துக்கொண்டது. இந்த வேடிக்கையை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டார்களே.

இதே ஆட்கள் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு ஒன்று செய்தால் முதல் ஆளாக வாங்குவேன். திப்புவின் அரண்மனை உத்தரங்களைக் கொண்டுவந்து போட்ட கூரை, மர மாடலுக்கென்றே வாய்த்தது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மலையில் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வாங்குங்கள், பெட்டியில் இருக்கிற பசையைத் திறக்கவே வேண்டாம்.