ஆய்வுக்கூடத்தைக் கட்டுவது யார், மின்கட்டணம் கட்டுவது யார்?

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஓர் ஆராய்ச்சி நிறுவனம் புதிய ஆய்வுக்கூடம் எழுப்ப நினைத்தால், டெண்டர் விட்டுத் தானே கட்டிக்கொள்ளலாம். அல்லது தனியார் கட்டுமான நிறுவனம் தன் முதலைப் போட்டுக் கட்டும் கட்டடத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கலாம். எது விரைவு, எது மலிவு என்றே பேச்சு தொடங்கும். நான் காற்றிலிருந்து தொடங்குவேன்.

அலுவலகத்தில் குளிரூட்டிய காற்றின் பெரும்பகுதி மீண்டும் சுழற்சிக்கு வரும். வேதிப்பொருள் புழங்கும் கூடத்தில் அது கூடாது. மணிக்கு 6 முதல் 12 முறை வரை அறைக்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உள்ளிழுக்க வேண்டும். நம் கடற்கரையில் அந்தப் புதுக்காற்று வெக்கையோடு ஈரத்தையும் சுமந்து வருவதால், ஈரத்தைப் பிரித்தெடுக்கவே சில்லரின், அதாவது கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் தரும் இயந்திரத்தின், உழைப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது.

தனியார் வழியில் வேகம் உண்டு. முழுத்தொகையையும் முன்கூட்டியே திரட்ட வேண்டியதில்லை. ஆனால் கருவிக்குப் பணம் போடுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியான ஃபியூம் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கியதும் காற்றோட்டத்தைத் தானே குறைக்கும் கட்டுப்பாடும், வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்வரும் காற்றுக்கு மாற்றும் நீர்ச்சுருளும் கட்டுபவர் கணக்கில் வெறும் செலவுகளே. காற்றுக்குழாய்களுக்கு இடம்விட்டுத் தளத்துக்குத் தளம் 4 மீட்டருக்கு மேல் உயரம் கேட்டாலும், நாளை அலுவலகத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணுபவர் தயங்கவே செய்வார்.

தானே கட்டினால் இந்தச் சிக்கல் வராது என்று நம்பிவிடவும் முடியாது. அரசு நிறுவனங்களில் கட்டடச் செலவு ஒரு கணக்குத் தலைப்பு, மின்கட்டணம் வேறொன்று. குறைந்த விலைப்புள்ளிக்கே வேலை போகும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதே நீர்ச்சுருள்தான். ஆனாலும் வரைபடம் நம் கையில் இருக்கும் என்பது சிறிய லாபமன்று. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930களில் தொடங்கிய கட்டடம், திறந்து மூடும் பலகைச் சட்டங்களாலேயே காற்றை ஆள்கிறது. ஹூட் இருக்கும் அறைக்கு அது உதவாது. காற்று அலைந்தால் நச்சுப்புகை வெளியே சிந்தும். ஆனால் எழுத்து மேசைகளையும் நடைவழிகளையும் படிக்கட்டையும் தனிப் பகுதியாகப் பிரித்தால், அங்கெல்லாம் சில்லருக்கு வேலையே குறைந்துவிடும். இந்தப் பிரிவினையை வரைபட நிலையிலேயே செய்தாக வேண்டும்.

புயல் இரண்டு வழிக்கும் பொது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலையும் 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயலையும் கண்ட கரையில், மின்மாற்றியை அடித்தளத்தில் வைப்பதை எந்த ஒப்பந்தமும் அனுமதிக்கக் கூடாது. உப்புக்காற்றின் அரிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாமல், குளிரூட்டியின் வெளிச்சுருளை வைப்பதையும் அப்படியே.

என் தேர்வு தனியார் வழிதான், ஒரு நிபந்தனையோடு: கட்டடத்தின் வெளிக்கூடும் தளங்களும் அவர்கள் பொறுப்பு, காற்றமைப்பின் விவரக்குறிப்பு நம்முடையது. ஹூட்களுக்கும் சில்லருக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும். ஓர் அக்னி நட்சத்திரத்தையும் ஓர் ஐப்பசி மழையையும் கடந்து, ஒப்புக்கொண்ட மின்நுகர்வுக்குள் கட்டடம் ஓடிக் காட்டும் வரை வாடகையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் உரிமை குத்தகைப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.