பத்தாண்டா, நான்காண்டா, மணிக்கணக்கா: சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளும் வழிகள்

சிங்கப்பூரில் கார் வாங்க நினைக்கும் நம்மவர்கள், எந்த நிறுவனத்தின் கார், எத்தனை இருக்கை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ அது சரியான தொடக்கம். இங்கே முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. அந்தக் காரின் வாகன உரிமைச் சான்றிதழில், அதாவது எல்லாரும் சிஓஇ என்று சொல்வதில், இன்னும் எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது? நாம் இந்த ஊரில் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம்? இவ்விரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பணம் கரைகிறது.

1990-இல் நடப்புக்கு வந்த சிஓஇ, ஒரு வாகனத்தைப் பத்தாண்டு சாலையில் ஓட்டும் உரிமையை மட்டுமே தருகிறது. மாதம் இருமுறை ஏலம் நடக்கிறது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் வெறும் 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) முடிந்த அந்த ஏலம், 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. 2018 பிப்ரவரி முதல் கார்களின் மொத்த எண்ணிக்கைக்கு அனுமதிக்கப்படும் வளர்ச்சி விகிதம் பூஜ்ஜியம் என்பதால், ஏலத்துக்கு வரும் சான்றிதழ்களில் பெரும்பகுதி, பழைய கார்கள் பதிவிலிருந்து நீங்கும்போது காலியாகும் இடங்களே. பத்தாண்டுக்கு முன்பு எத்தனை கார்கள் பதிவாயின என்பது இன்றைய விலையையும் அசைக்கிறது.

புதிய காரை முதலில் பார்ப்போம். காரின் திறந்த சந்தை மதிப்பின்மீது, அதாவது இறக்குமதியின்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலையின்மீது, 20 விழுக்காடு தீர்வை, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, பிறகு ஏஆர்எஃப் என்னும் கூடுதல் பதிவுக் கட்டணம். இந்தக் கட்டணம் முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு என ஏறி, 80,000-க்கு மேற்பட்ட மதிப்புக்கு 320 விழுக்காட்டில் நிற்கிறது. பத்தாண்டு முடியுமுன் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் ஏஆர்எஃபில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பது கார் பதிவான ஆண்டைப் பொறுத்து மாறும் என்பதால், விற்பவர் வாய்வழியாகச் சொல்லும் தொகையை நம்பாமல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் அந்தக் காரின் விவரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். புதிய காரின் நிம்மதி உண்மையானது. உத்தரவாதம் உண்டு, முதல் மூன்றாண்டு பரிசோதனை கிடையாது. மின்சாரக் கார் எடுப்பவர்கள் மட்டும், சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேர்வதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய காரில் எனக்குள்ள கவலை கடனைப் பற்றியது. திறந்த சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை, அதற்கு மேல் போனால் 60 விழுக்காடு வரை, அதிகபட்சம் ஏழாண்டுக்குக் கடன் வாங்கலாம். விளம்பரத்தில் காணும் வட்டி முழு அசலின்மீதும் ஏழாண்டும் ஒரே சீராகப் போடப்படுவது. 100,000 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு என்றால் மொத்த வட்டி 17,500 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் அசலின்மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி விகிதம் அதன் இரு மடங்குக்குச் சற்றே குறைவாக வரும். இதைவிட முக்கியமானது, பல கடன் ஒப்பந்தங்களில் இருக்கும் 78-ஆம் விதி. இதன்படி வட்டியின் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஏழாண்டுக் கடனை மூன்றாண்டு முடிவில் அடைத்தால், மொத்த வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். முன்கூட்டி அடைப்பதற்கான தண்டம் வேறு. வேலை அனுமதி அட்டை ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒருவர், அலுவலகத்தில் ஆட்குறைப்பு வந்து ஊர் திரும்ப நேர்ந்தால், அந்தக் கடைசி மாதத்தில் இந்தக் கணக்கு அவர் முன் வந்து நிற்கும். அப்படி நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, நிரந்தரவாசமோ குடியுரிமையோ இல்லாதவர்கள் புதிய கார் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது, மூன்று அல்லது நான்காண்டு மிச்சமுள்ள பழைய கார். இதை ஒப்பிட இங்கே எல்லாரும் சொல்லும் சொல் ‘டிப்ரிசியேஷன்’, ஆண்டுத் தேய்மானம். விலையிலிருந்து கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுக்க வேண்டும். ஒரு புதிய கார் 170,000 வெள்ளி, முடிவில் 5,000 திரும்பும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16,500. நான்காண்டு மிச்சமுள்ள கார் 60,000 வெள்ளி, முடிவில் 8,000 திரும்பும் என்றால் ஆண்டுக்கு 13,000. வித்தியாசம் 3,500 வெள்ளிதான். பழைய காரின் கியர்பாக்ஸ், ஏர்கான் கம்ப்ரஸர், சஸ்பென்ஷன் வேலைகள் அதிலும் கணிசமான பங்கைத் தின்றுவிடும். பழைய கார் மலிவு என்ற எண்ணம் பாதிதான் சரி. அதன் மெய்யான ஆதாயம், கடன் சிறியதாக இருப்பதும், நான்காம் ஆண்டில் யாரிடமும் பேரம் பேசாமல் காரை விட்டுவிட்டுக் கிளம்ப முடிவதும்.

ஆனால் பழைய காரைக் கண்ணால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். 2022-இல் நாங்கள் ஒரு காரைப் பார்க்கப் போனபோது, விற்பனையாளர் நான்கு டயரும் கிட்டத்தட்டப் புதியவை என்றார். கறுப்பு மெருகு பூசி, அவை பளபளவென்றுதான் இருந்தன. உடன் வந்த பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தைப் பின்சக்கரத்தில் அடித்து, “தம்பி, அந்த நாலு நம்பரைப் படி” என்றார். நீள்வட்டத்துக்குள் 1116 என்றிருந்தது. 2016-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர், ஆறு வயது. பிறகு அவர் பானெட்டைத் தூக்கி, கீல்களில் உள்ள போல்ட்டுகளைக் காட்டினார். ஒரு பக்கப் போல்ட்டின் முனைகளில் பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. அந்தப் பக்கம் ஸ்பேனர் பட்டிருக்கிறது, பானெட் ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் காரை விட்டுவிட்டு, காக்கி புக்கிட்டில் வேறொன்றைப் பார்த்து, கட்டணம் கட்டி வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதித்த பிறகே முன்பணம் கொடுத்தோம். அந்தச் சோதனைக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வழி, பத்தாண்டு முடிந்த காரின் சிஓஇயைப் புதுப்பிப்பது. முந்தைய மூன்று மாத ஏல விலையின் சராசரியை மொத்தமாகக் கட்டிப் பத்தாண்டு, அல்லது பாதியைக் கட்டி ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஐந்தாண்டு நீட்டித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது. ஏஆர்எஃபில் திரும்ப வர வேண்டிய தொகையும் போய்விடும். சாலை வரி முதலில் 10 விழுக்காடு கூடி, ஆண்டுதோறும் ஏறி, கார் பதினான்கு வயதைத் தாண்டினால் 50 விழுக்காடு கூடும். 1.6 லிட்டர் காருக்கு அடிப்படை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 740 வெள்ளி என்பதால் இது தாங்கக்கூடியதே. பரிசோதனை ஆண்டுதோறும் உண்டு. காரின் வரலாறு முழுவதும் தெரிந்த முதல் உரிமையாளருக்கு இது நல்ல வழி; முன்பின் தெரியாத ஒருவர் புதுப்பித்து விற்கும் காரை வாங்குவோருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

சிவப்பு எண் தகடு கொண்ட ஓய்வுநேரக் காரும் உண்டு. வார நாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை ஓட்டக் கூடாது; ஓட்ட வேண்டுமானால் அன்றைக்கு 20 வெள்ளி உரிமம் எடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டியவர்களுக்கு இது உதவாது.

இவற்றுக்கெல்லாம் எதிரணியில் நிற்பது மணிக்கணக்குப் பகிர்வுக் கார். கைப்பேசியில் பதிந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நிறுத்துமிடத்தில் நிற்கும் காரைத் திறந்து எடுத்துக்கொண்டு, மணிக்கும் கிலோமீட்டருக்குமாகக் கட்டணம் கட்டுகிறோம். கூரையுள்ள நிறுத்துமிடத்தின் மாதக் கட்டணமான 110 வெள்ளியும், காப்புறுதியும், டயரும் நம் தலையில் விழுவதில்லை. ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி, மீன் வாங்கி வர, மாதம் ஒருமுறை சாங்கி விமான நிலையத்தில் உறவினரை அழைத்து வர, இதுவே போதும். குறைகளும் உண்டு. தீபாவளிக்கு முதல் வாரமும் நீண்ட வார இறுதிகளிலும் பக்கத்தில் ஒரு காரும் கிடைக்காது. சேவையே நின்றுபோகவும் கூடும். 2017-இல் தொடங்கிய புளூஎஸ்ஜி மின்சாரக் கார்ப் பகிர்வு 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. விபத்தில் நாம் கட்ட வேண்டிய ‘எக்ஸெஸ்’ தொகை எவ்வளவு என்பதைக் காரை எடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். சொந்தக் காப்புறுதியில் கோரிக்கை ஏதும் இல்லாமல் ஐந்தாண்டு ஓட்டியவருக்குக் கிடைக்கும் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியும் இதில் சேராது.

பராமரிப்புக்கு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போவது பற்றி ஒரு சொல். கூலி அங்கே குறைவு, நானும் பிரேக் பேடும் எண்ணெயும் மாற்றியிருக்கிறேன். ஆனால் முக்கால் தொட்டி பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டக் கூடாது. அங்கே மானிய விலை ரான் 95 பெட்ரோல் நமக்கு இல்லை. 2025 ஜூலை முதல் விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதி வில்லை இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சனிக்கிழமை முழுவதும் நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறு வேலைகளுக்கு உபியிலோ சின் மிங்கிலோ உள்ள பணிமனையே மேல். ஏர்கான், பெயிண்ட் போன்ற பெரிய வேலை இருந்தால் மட்டும் நான் பாலம் தாண்டுவேன்.

எங்கள் காரை வாங்கியதற்குக் காரணம் அம்மா. முழங்கால் அறுவைக்குப் பின் அவர் பேருந்தில் ஏற முடியாமல் இருந்த ஈராண்டில், வாரம் மூன்று முறை இயன்முறை சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அந்தக் கார் கீழேயே நின்றது பேருதவியாக இருந்தது; அந்தத் தேவைக்குப் பகிர்வுக் காரை நம்பியிருக்க முடியாது. இப்போது அம்மா தஞ்சாவூர் திரும்பிவிட்டார். சிஓஇ முடியும்போது புதுப்பிக்கப்போவதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். எங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில், இரண்டாம் தளத்தில், மூன்று பகிர்வுக் கார்கள் நிற்கின்றன.