மண்டபத்தில் '4.48 சைக்கோசிஸ்': தைரியமான மேடை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நாடகப் பள்ளி மாணவர்கள் பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் சாரா கேனின் '4.48 சைக்கோசிஸ்' நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். 2000-இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் முதலில் அரங்கேறிய இந்தப் பிரதியில் பாத்திரப் பெயர்களும் கிடையாது, எத்தனை பேர் நடிக்கணும் என்றும் இருக்காது, எல்லாம் இயக்குநர் தலையில்தான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையும் எண்களை ஒரு பெண் வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள், ஒவ்வொரு எண்ணுக்கும் முடிச்சு இறுக இறுக எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

குறையும் உண்டு. கச்சான் காற்று தகரக் கூரையை அடித்த அடியில் நீண்ட மௌனங்கள் எல்லாம் வீணாகப் போச்சு. அப்புறம், தற்கொலை எண்ணத்தைப் பேசும் நாடகம் இது, வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகையாவது வைத்திருக்க வேண்டாமா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பெரியவர்கள் கட்டாயம் பாருங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து.