ஏ38 கப்பல், புடாபெஸ்ட்: மேல்தளத்தோடு திரும்பிவிடாதீர்கள்

பெட்டோஃபி பாலத்தை ஒட்டி, டான்யூப் ஆற்றின் மேற்கே உள்ள புடா கரையில் நிற்கிறது ஏ38. 1968இல் உக்ரைனில் கட்டிய கல் ஏற்றும் கப்பல் இது. பழைய பெயர் அர்த்தேமோவ்ஸ்க் 38. 2003இலிருந்து இசையரங்கமாக இயங்குகிறது. 2012இல் லோன்லி பிளானட் என்ற பயண வழிகாட்டி நிறுவனத்தின் வாசகர்கள் இதை உலகின் மிகச் சிறந்த மதுக்கூடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயரை நம்பி வருகிறவர்கள் மேலே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கப்பலின் உயிர் கீழே, ஒருகாலத்தில் கல் குவித்திருந்த சரக்கறையில் இருக்கிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அந்த அரங்கம் நீளமானது, கூரை தாழ்ந்தது. கூரை தாழ்வு என்பதால் மேடையையும் உயர்த்த முடியாது. பின்வரிசையில் நிற்பவருக்குப் பாடகரின் தலைதான் தெரியும். ஒலி மட்டும் கேட்டால் போதும் என்றால் ஒலிப் பொறியாளரின் மிக்சர் மேசைக்கு நேர் முன்னால் நில்லுங்கள். அவர் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். பக்கச்சுவரில் சாய்ந்து நின்றால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வீங்கி, பாட்டின் சொற்களை விழுங்கிவிடும். காதடைப்பான் கட்டாயம்.

புது இசைக்குழுக்கள் தடுமாறுவதும் இந்தக் கூரையால்தான். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலை ஓங்கி அடித்தால் அந்த ஒலி கூரையில் பட்டுப் பாடகரின் மைக்குக்குள் புகுந்துவிடும். பாடகர் குரல் கேட்கவில்லை என்று தன்னை நோக்கி இருக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரை ஏற்றச் சொல்வார், உடனே மைக் ஊளையிடும். ஒலிப் பொறியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரம்மர் மெதுவாக அடிக்க வேண்டும், கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பைப் பார்வையாளரை நோக்கி வைக்காமல் குறுக்காகத் திருப்ப வேண்டும். முதலில் வாசிக்கும் நால்வர் குழுவுக்கு மிக்சரில் 12 சேனல் (ஒலி நுழையும் தனித்தனி வழிகள்) தாராளம்: டிரம்ஸுக்கு 7, பேஸ் கிட்டாருக்கு 1, கிட்டாருக்கு 2, குரலுக்கு 2. டிரம்ஸை மற்றக் குழுவோடு பகிர்ந்துகொள்வதாக இருந்தாலும் ஸ்நேர் எனும் சிறு டிரம், சிம்பல், காலால் மிதித்து அடிக்கும் கிக் பெடல் மூன்றும் சொந்தமாகக் கையில் இருக்கட்டும். டிரம்ஸைப் பகிர்ந்துகொண்டால் மேடை மாற்றும் நேரம் குறையும்.

இவ்வளவு பாடுபட்டு இங்கே வாசிப்பதற்குக் காரணம், கப்பலில் நடக்கும் ஒளிப்பதிவு. இங்கே பதிவான நிகழ்ச்சிகள் ஹங்கேரியின் பொதுத் தொலைக்காட்சியில் தொடராகவே ஒளிபரப்பாகியிருக்கின்றன. பேச் நகரில் 1987இல் தொடங்கிய கிஷ்பால் ஏஷ் ஒ போர்ஸ், பிற்பாடு அந்நாட்டு மாற்று ராக்கின் தலைப்பிள்ளையான குழு, முதல் ஆல்பத்தைக் கொண்டுவர 1991 வரை காத்திருந்தது. இன்றைய குழுவுக்கு ஒரே இரவின் நல்ல பதிவு கிடைத்தாலும், அடுத்த ஊர் விழாக்காரரிடம் காட்ட அது போதும்.

மொழியைக் கவனித்துக் கேளுங்கள், இங்கே அதுதான் பெரிய சுவை. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். தாளம் தொடங்குவதற்கு முன்பே சொல்லை எடுக்கும் ஆங்கில ராக் மெட்டு அதனோடு எளிதில் ஒட்டாது. 2000இல் புடாபெஸ்டில் தொடங்கிய அம்பர் ஸ்மித் என்ற குழு ஆங்கிலத்தில் பாடியது. அதனால் வெளிநாட்டுக் காதுகளுக்கும் எட்டும் வாய்ப்பு இருந்தது. தாய்மொழியில் பாடும் குழுக்களோ வரியை நேராகத் தாளத்தின் மேல் வைத்துவிடுகின்றன. கூட்டம் முழுதும் சேர்ந்து பாடுவது அவற்றுக்குத்தான். என் கணிப்பில் முதல் முறை வருகிறவர் ஹங்கேரிய மொழிக் குழு வாசிக்கும் இரவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

போக 4 அல்லது 6 எண் டிராம் ஏறி, பாலத்தின் புடா முனை நிறுத்தத்தில் இறங்குங்கள். திரும்பி வர 6ஆம் எண் இரவு முழுதும் ஓடுகிறது. கூட்டம் நிறைந்த இரவில் சரக்கறை கொதிக்கும், மேலாடையைக் கீழே கொண்டுபோக வேண்டாம். பெருமழைக்குப் பின் வருகிறவர்கள் ஆற்றின் நிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 2013 ஜூனில் புடாபெஸ்டில் டான்யூபின் நீர்மட்டம் 891 செ.மீ. தொட்டது. அந்த மாதிரி வெள்ளத்தில் கப்பல் மிதக்கும். கப்பலுக்குப் போகும் படித்துறைதான் தண்ணீருக்குள் இருக்கும்.